வேர் அன்று, தண்டு

ஆலைப்போல் தழைக்கவேண்டும், அறுகைப்போல் வேரூன்றவேண்டும், மூங்கிலைப்போலச் சுற்றம் பெருகவேண்டும் என்று மணமக்களை வாழ்த்துவது நம்மவர் மரபு. ஈழத்து மணப்பந்தரிலே அறுகையும் அரிசியையும் ஒன்றுசேர்த்து, அறுகரிசி என்று பெயரும் இட்டு, மணமக்கள் தலைமீது தூவுகின்றோம். முப்பது ஆண்டுகளாக எத்தனையோ பந்தர்களில் நானும் அறுகரிசி இட்டிருக்கின்றேன். அறுகின் வேர்ச் சிறப்பை விரித்து அரைமணி நேரம் வாழ்த்துரை கூறியதும் உண்டு. அந்த வேரை ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா என்றால், இல்லை. பார்க்கவைத்தவள் என்னிடம் தமிழ் கற்க வந்த ஒரு மாணவி.

அன்று தொல்காப்பியத்து மரபியற் பாடம். ஓரறிவுயிரைப் புல்லென்றும் மரமென்றும் ஆசிரியர் வகுக்கும் இடம். புறத்தே வயிரம் உடையது புல். அகத்தே வயிரம் உடையது மரம். இவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். பாடத்துக்குச் சுவையூட்டும் ஆசையால் ஒரு வாக்கியத்தைக் கூட்டினேன். "இஞ்சி, மஞ்சள், அறுகு என்பன வித்தை நம்பி வாழ்வன அல்ல, வேராற் பெருகுவன" என்றேன்.

கடைசி வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சேர், அது வேரில்ல. தண்டு."

"மண்ணுக்குக் கீழே கிடப்பது வேரில்லாமல் வேறென்ன பிள்ளை?"

"நாளைக்குக் கொண்டுவந்து காட்டுறன், சேர்."

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுநாள் அப்பிள்ளை ஒரு பையோடு வந்தாள். பைக்குள் ஓர் இஞ்சி, ஒரு மஞ்சள், மண்ணோடு அகழ்ந்த அறுகு, ஒரு வற்றாளங்கிழங்கு. நால்வகைச் சான்றுகளையும் என் மேசைமீது வரிசையாக வைத்தாள்.

இஞ்சியின் உடம்பிலே வளையம் வளையமாகக் கோடுகள் இருந்தன. ஒவ்வொரு கோடும் ஒரு கணு. கணுவைச் சுற்றி உலர்ந்த மெல்லிய செதில். அஃது இலையாகவேண்டியது, இருளிலே கிடந்தமையாற் செதிலாக நின்றுவிட்டது. செதிலின் கக்கத்திலே ஒரு சிறு முளை. கணு, கணுவிடை, இலை, இலைக்கக்கத்தில் அரும்பு ஆகிய நான்கும் உள்ளது தண்டு. வேருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மண்ணைத் துளைத்துச் செல்வதற்கு நுனியில் ஒரு மூடி மட்டும் உண்டு. மஞ்சளிலும் அதே வளையம். அறுகிலே அது வெளிப்படை: வெண்ணிறக் கயிறுபோல மண்ணுள் ஓடிய அதன் உடலில் கணுவுக்குக் கணு செதில், கணுவின் கீழே நூல்போன்ற வேர், கணுவின் மேலே பச்சைத் தளிர். வற்றாளங்கிழங்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அதில் வளையமும் இல்லை, செதிலும் இல்லை. அதுவே மெய்யான வேர்.

நான்கு பொருள்களில் மூன்றை வேரென்று கூறி வந்தேன், மூன்றும் தண்டு. பலமுறை உண்டிருந்தும் என்னவென்று எண்ணிப் பாராத நாலாவது ஒன்றே வேர். ஆசிரியன் தோற்ற வகுப்பு நல்ல வகுப்பு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

வேர்க்கொம்பு

அன்று மாணவி கரும்பலகையில் எழுதிய சொல் 'வேர்த்தண்டுக்கிழங்கு'. நம் நாட்டு விஞ்ஞானப் பாடநூல்கள் இஞ்சி போன்றவற்றுக்கு வழங்கும் பெயர் அது. பண்டிதச் செவிக்கு அச்சொல் இனிக்கவில்லை. வேரா, தண்டா, கிழங்கா? மூன்று பெயரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்து, எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்பதுபோல் இருந்தது.

அன்று மாலை வீட்டிலே கோப்பி வந்தது. சளிக்காக வேர்க்கொம்பு தட்டிப் போட்ட கோப்பி. முதல் மிடறு உள்ளே இறங்கியபோதுதான் அந்தச் சொல்லும் உள்ளே இறங்கியது. சுக்கை நாம் வேர்க்கொம்பு என்கின்றோம். கொம்பு என்றால் என்ன? மரக்கிளை. கிளை என்பது தண்டின் பிரிவு. வேர் இருக்கவேண்டிய இடத்திலே கிடக்கின்ற கொம்பு ஆகையால் அது வேர்க்கொம்பு. பெயரிட்ட முன்னோரின் மனத்திலே இருந்தது இதுதான் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆயினும், இஞ்சியை அகழ்ந்தும் அலம்பியும் உலர்த்தியும் பழகிய கைகள், அது வேர் மட்டும் அன்று என்று கண்டிருந்தன என்பதற்குச் சொல்லே சாட்சியாக நிற்கின்றது. நாற்பது ஆண்டுகளாக அச்சொல்லைச் சொல்லிய என் நாவுக்கு அது தெரியவில்லை. புதிய கலைச்சொல்லும் பழைய வீட்டுச் சொல்லும் ஒரே செய்தியையே கூறின.

இவ்விடத்திலே சுவாமி விபுலானந்தரை நினையாதிருக்க இயலாது. 1892 ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த அப்பெரியார் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1936 ஆம் ஆண்டு சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பண்டிதமும் விஞ்ஞானமும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்று காட்டிய ஒருவரை ஈன்ற மண்ணிலே, பண்டிதன் ஒருவன் அறுகின் வேரைக் காணாமல் அறுகைப் புகழ்ந்தான் என்றால், அக்குறை தமிழின் குறை அன்று.

கிடந்து வளர்தல்

நிமிர்ந்து நிற்பதே தண்டின் இயல்பு என்று எண்ணுகின்றோம். நிமிர்ந்தால் ஒளி கிடைக்கும். பூத்தால் வண்டு காணும். காய்த்தால் காற்று வித்தைக் கொண்டுபோகும். ஆனால் நிமிர்ந்தது காற்றுக்கும் கத்திக்கும் மாட்டின் வாய்க்கும் முதலில் இலக்காகின்றது. ஆகவே சில செடிகள் தண்டின் ஒரு பகுதியைக் கிடத்திவைக்கின்றன. மண்ணின்மேற் கிடந்து ஓடுவதும் உண்டு. மண்ணுக்குள்ளே கிடந்து ஓடுவதும் உண்டு. இரண்டிலும் கணுவே உயிர்நிலை. கணு மண்ணைத் தொட்டால் கீழே வேர் விடும். மேலே தளிர் விடும். இடையே உள்ள தண்டு அறுந்தாலும் அழுகினாலும் புதிய கணு தன் காலில் நிற்கும்.

வாவிக்கரையிலிருந்து வயல்வரை நடந்து பாருங்கள். இதன் வகைகளைக் காணலாம். ஈரவரம்பிலே வல்லாரை படர்கின்றது. தாய்ச்செடியிலிருந்து நூல்போன்ற ஒரு தண்டு புறப்பட்டு, சிறிது தூரம் சென்று, ஒரு கணுவை நிலத்தில் ஊன்றி, நாலிலை விரித்துவிட்டு, மறுபடியும் புறப்படுகின்றது. பாடநூலார் இதனை ஓடி என்பர், பொருத்தமான பெயர். குளங்களிலே தாமரையின் தண்டு சேற்றுக்குள் படுத்து நடக்கின்றது. இலையும் மலரும் அதன் கணுக்களிலிருந்து நீர்மட்டத்துக்கு எழுகின்றன. பாய் இழைக்கும் பன்னும் சேற்றிலே கிடைத்தண்டு உடையது. அறுப்பவர்கள் மேலே நின்ற தாளை அரிந்து கொள்வார்கள். அடியைக் கிளற மாட்டார்கள். அடி கிடந்தால் அடுத்த பருவத்தில் அதே இடத்திலே பன் நிற்கும்.

வாழை செய்யும் விளையாட்டு இன்னும் வேடிக்கையானது. நாம் மரமென்று அணைத்து நிற்பது இலைமடல்களின் சுருள். உண்மைத் தண்டு நிலத்தடியிலே பருத்துக் கிடக்கின்றது. அதன் பக்க அரும்புகளே குட்டியாக வெளிவருகின்றன. தமிழகத்தார் வாழைக்கன்று என்பதை நாம் வாழைக்குட்டி என்கின்றோம். தொல்காப்பியர் ஓரறிவுயிரின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் பெயர்களை இசைந்தார்; குட்டியை விலங்கினத்தோடு நிறுத்தினார். நம் தோட்டக்காரரோ தாயின் வயிற்றோடு ஒட்டி நிற்பதைக் கண்டு குட்டி என்றே அழைத்தனர். இலக்கணத்தார் பொறுத்தருள்க.

அதே இடத்திலே தொல்காப்பியர் ஒரு விலக்கும் கூறுகின்றார். நெல்லுக்கும் புல்லுக்கும் அவ்விளமைப் பெயர்கள் பொருந்தா என்பது அவர் கருத்து. உரையாசிரியர் கூறும் காரணம் எதுவாயினும் ஆகுக; அறுகைப் பார்த்தபின் எனக்குத் தோன்றிய காரணம் இது. அறுகிலே தாய் எது, பிள்ளை எது? ஒரு முற்றம் முழுவதும் பரந்த அறுகில் எந்தக் கணு முதற்கணு என்று யாரால் காட்டமுடியும்? பிரிக்க முடியாத இடத்தில் பிள்ளை என்ற பெயர் எவ்வாறு நிற்கும்?

அறுகு இரண்டு வழியாலும் செல்லும். நிலத்தின்மேல் ஒரு தண்டு, நிலத்தின்கீழ் ஒரு தண்டு. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது நான் சிறுபிள்ளை. விடிந்தபோது எங்கள் வளவிலே தென்னைகள் திசைக்கொன்றாகக் கிடந்தன. பெரியவர்கள் அவற்றைப் பார்த்து அழுதார்கள். சில நாள்களில், விழுந்த மரங்களுக்கு இடையே முற்றம் பச்சையாயிற்று. அறுகு! காற்று அதன்மேலேதான் சென்றது. பெருமழை அதன்மேலேதான் நின்றது. அன்று அதைப் புல்லென்று மிதித்து விளையாடினேன். இன்று எண்ணுகின்றேன்: முன்னோர் வாழ்த்துக்குத் தெரிந்தெடுத்த மூன்றையும் நோக்குமின். ஆல் வீழ்விட்டுப் பரவுகின்றது. அறுகு கிடைத்தண்டாற் பரவுகின்றது. மூங்கில் நிலத்தடித் தண்டாற் கூட்டமாகின்றது. மூன்றுமே வித்தை மட்டும் நம்பியிராது தன் உடம்பாலேயே இடத்தைப் பற்றுவன. வாழ்த்தியவர்கள் சும்மா வாழ்த்தவில்லை.

கரையில் நான் செய்த பிழை

இதுவரை கூறியது அறிவுக்குச் சுவை. இனிக் கூறுவது என் பிழை.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுவான்கரையை அழித்தது. கல்லடியும் நாவலடியும் திருச்செந்தூரும் அன்று இழந்தவற்றை எழுத்தால் அளத்தல் இயலாது. சில ஆண்டுகள் கழிந்தபின், கரையோரச் சிற்றூர் ஒன்றிலே கடற்கரையைத் துப்புரவாக்கும் சிரமதானம் ஒன்று நடந்தது. மாணவரோடு சென்று முன்னின்றவர்களுள் நானும் ஒருவன். போத்தல்களைப் பொறுக்கினோம், கிழிந்த வலைகளை இழுத்தோம், பின்னர், மணல்மேட்டிலே படர்ந்து கிடந்த அடம்பன் கொடியையும் குப்பையென்று பிடுங்கினோம். இளங்கைகள் அல்லவா? முழுநாளும் இழுத்தன. மாலையில் கரை வெண்பட்டு விரித்தாற்போல் இருந்தது. படமும் பிடித்தார்கள்.

அவ்வூர் மூதாட்டி ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் தம்பி, இதையும் புடுங்கிறீங்க? மண்ணப் புடிச்சிட்டுக் கிடக்கிறது இதுதானே."

நான் புன்னகை செய்தேன். அடும்பைப் பற்றி எனக்கா தெரியாது? குறுந்தொகையிலே நம்பி குட்டுவனார் அதன் பிளந்த இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டதையும், மலரைக் குதிரை மாலையின் மணிக்கு ஒப்பிட்டதையும் வகுப்பிலே நயந்து நயந்து உரைத்தவன் அல்லவா நான்? இலத்தீனிலே பெயரிட்டவர்களும் அதே இலையைப் பார்த்து ஆட்டின் பாதம் என்றார்கள். மான் என்றாலென்ன, ஆடு என்றாலென்ன, எல்லோரும் இலையைப் பார்த்தோம். மூதாட்டி தண்டைப் பார்த்தார்.

அவ்வாண்டு மாரியில் வாடைக்காற்று எழுந்தது. கொடி நின்ற காலத்தில் காற்று கொண்டுவரும் மணலை அதன் இலையும் தண்டும் தடுத்து நிறுத்தும். மணல் கொடியை மூடும். மூடுண்ட கணுவிலிருந்து புதுத் தளிர் மேலெழும். மறுபடியும் மணல் சேரும். இவ்வாறு கொடி மேட்டை வளர்க்க, மேடு கொடியை வளர்க்கும். இந்தத் தொழிலை நாங்கள் ஒரே நாளில் நிறுத்திவிட்டோம். வெறுமணல் பறந்து மூதாட்டியின் முற்றத்திலே குவிந்தது. அலை ஏறிய நாள்களில் மேட்டின் முகம் முழக்கணக்கில் அரிந்தது. கரை அரிவதற்குக் காரணங்கள் பல உண்டு. முழுப்பழியும் எங்களுடையது என்று சொல்லேன். ஆயினும், நாங்கள் கைவைக்காத தென்பக்கத்தில் அடம்பன் கிடந்தது, மேடும் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் நின்ற அவ்விரண்டு காட்சிக்கும் உரை வேண்டியதில்லை.

இஞ்சிப் பாடம் கற்பித்த மாணவி என் வகுப்புக்கு வந்தது அதற்குப் பின்னர். கணுவைக் காணக் கற்றபின் அக்கரை என்னை உறுத்தியது. மறு மாரி தொடங்கும்போது சில மாணவருடன் மூதாட்டியிடம் சென்றேன். செய்த பிழையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "வத்தாளக் கொடி நடுற மாதிரித்தான் தம்பி" என்று கூறி, தென்பக்கத்துக் கொடியில் முழ நீளத் துண்டுகள் அரிந்து, கணுக்களை மணலுள் புதைத்து, நுனியை வெளியே விட்டுக் காட்டினார். வற்றாளையும் அடம்பனும் ஒரே குடும்பத்து, ஒரே பேரினத்துக் கொடிகள் என்பது நூலிற் கற்றவர்க்குத் தெரியும். அவருக்கு அது கையாலே தெரிந்திருந்தது. இரண்டு மாரி கழிந்தபோது அவ்விடம் பச்சைப் போர்வை போர்த்திருந்தது. இராவணன் மீசையும் தானாகவே வந்து சேர்ந்தது. முட்பந்து போன்ற அதன் காய்க்கொத்து காற்றில் உருண்டு உருண்டு மணல்வெளியைக் கடக்கும். நின்ற இடத்தில் முளைத்தபின் தண்டை ஓட்டி மணலைக் கட்டும்.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம்மவர் பழமொழி. தனிக்கொடி எளிதில் அறும். பல கொடி சேர்த்தால் வடமாகும் என்று ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டுவோம். நானும் எத்தனையோ கட்டுரைக்கு இதனைத் தலைப்பாகக் கொடுத்திருக்கின்றேன். அக்கொடியை வெட்டித் திரட்டவேண்டுமென்பதே இல்லை. மணலில் கிடக்கும்போதே அது திரண்டுதான் கிடக்கின்றது. ஒரு கணுவை அலை பெயர்த்தால் அடுத்த கணு பிடிக்கின்றது. ஆழிப்பேரலையை அடம்பன் தடுக்கும் என்று எவரேனும் கூறினால் அது பேதைமை. ஆனால் ஆண்டுதோறும் வரும் காற்றுக்கும் அலைக்கும் கரையின் முதற்காவல் அதுவே. அதன் வித்து கடல்நீரில் மிதந்து தேசம் விட்டுத் தேசம் செல்லும். அதனாலேயே வெப்பநாட்டுக் கரைகள் பலவற்றில் அடம்பன் உண்டு. வித்து கடலைக் கடக்கும். தண்டு கரையைக் காக்கும்.

பிடுங்கியும் போகாதது

கிடைத்தண்டெல்லாம் நமக்கு நண்பன் என்று இதனால் முடிவு செய்யலாகாது. பிடுங்கத் தகாததைப் பிடுங்கிக் கெட்டதுபோல, பிடுங்கத் தெரியாமல் பிடுங்கிக் கெடுவதும் உண்டு.

தோட்டத்துக் கோரையை அறிவீர்கள். அதன் கிழங்குகள் மணிமாலைபோல மெல்லிய நிலத்தடித் தண்டிலே கோத்துக் கிடக்கின்றன. மாலை முழுதாகக் கிடக்கும்வரை நுனிக்கிழங்கு முளைக்க, ஏனையவற்றுட் பல உறங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் ஓங்கி வெட்டுகின்றோம். மாலை அறுகின்றது. அறுந்த துண்டுதோறும் உறங்கிய கிழங்கு விழிக்கின்றது. களையெடுத்தோம் என்று எண்ணுகின்றோம். உண்மையில் நாற்றுப் பிரித்து நட்டிருக்கின்றோம். உலகத்துக் கொடிய களைகளின் வரிசையிலே கோரைக்கு முன்னிடம் கொடுப்பதன் காரணம் இதுவே.

நீரிலே இதற்கு இணை ஆற்றுவாழை. ஆகாயத்தாமரை என்ற அழகிய பெயரும் அதற்குண்டு. தென்னமெரிக்காவிலிருந்து, மலரின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுசெல்லப்பட்ட செடி இது. இலங்கைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1909 ஆம் ஆண்டு, இதனை ஒழிப்பதற்கென்று தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. நூற்றாண்டு கடந்தும் செடி இருக்கின்றது. ஏன்? தாய்ச்செடி நீர்மட்டத்திலே கிடைத்தண்டை நீட்டி அதன் நுனியில் குட்டி ஈனுகின்றது, குட்டியும் ஈனுகின்றது. தக்க வெப்பமும் சத்தும் கிடைத்தால் ஏறத்தாழ இரு வாரத்தில் தொகை இரட்டிக்கும். ஒன்று இரண்டாவது பெரிதன்று. குளத்தின் பாதியை மூடியபின் மறுபாதியை மூட இரு வாரமே போதும் என்பதைச் சிந்தியுங்கள். பாதி மூடும்வரை காத்திருப்பவர் தோற்றவரே. வாரி எடுத்ததைக் கரையோரத்திலேயே விட்டால், அடுத்த வெள்ளம் அதனை மீண்டும் நீரில் இறக்கும்.

நம் வாவிக்கு இயற்கை ஒரு காவல் கொடுத்திருக்கின்றது. மாரி வெள்ளத்தோடு குளங்களிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் அடித்துவரும் ஆற்றுவாழை, முகத்துவாரம் திறந்து உப்புநீர் உட்புகும்போது கருகி அழுகும். உவரை அது தாங்காது. நன்னீர்க் குளத்துக்கு அந்தக் காவல் இல்லை. ஆங்கு மனிதக் கையே காவல். அக்கை கணுவை அறிந்த கையாக இருத்தல்வேண்டும்.

ஒன்றே பலவாதல்

கிடைத்தண்டால் வாழும் வாழ்வுக்கு ஓர் எல்லையும் உண்டு. அதைக் கூறாது விட்டால் புகழுரையாகிவிடும், கட்டுரையாகாது.

தண்டினின்று தோன்றுவது தாயின் பிள்ளை அன்று, தாயேதான். குணமும் அதே, குறையும் அதே. இதன் வலிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலே கிடைத்தது. அங்கே சுறா வளைகுடாவின் அடியில் 180 கிலோமீற்றர் தூரம் பரந்த கடற்புல்வெளி முழுவதும் ஒரே செடி என்று 2022 ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஒரு வித்திலிருந்து எழுந்து, கிடைத்தண்டாலேயே பரந்து, குறைந்தது 4,500 ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றது என்பது அவர்தம் கணிப்பு. நம் வாவியின் நீளம் ஏறக்குறைய 56 கிலோமீற்றர். மூன்று வாவியை நீளவாட்டில் அடுக்கினாலும் அந்த ஒரு செடியின் நீளத்துக்குப் போதாது. நம் வாவியின் உவர்நீர்ப் பகுதிகளிலும் கடற்புற்கள் உண்டு. இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் அவை வீடு.

வலிமைக்கு அது சான்று. மெலிவுக்கு வாழை சான்று. முன்னர் மேனாட்டுச் சந்தையெல்லாம் நிறைத்திருந்தது குரோ மிசேல் என்ற ஒரே வாழை. எல்லாம் ஒரு தாயின் குட்டி. மண்ணிலே வாழும் ஒரு பூஞ்சணம் அதற்கு வாடல்நோயைக் கொடுத்தது. ஒன்றைக் கொல்லத் தெரிந்த நோய்க்கு எல்லாவற்றையும் கொல்லத் தெரிந்தது. 1960களுக்குள் அவ்வாழை ஏற்றுமதித் தோட்டங்களிலிருந்து நீங்கி, கவென்டிஷ் என்ற வேறொரு வாழை அவ்விடத்துக்கு வந்தது. இன்று அதனையும் அப்பூஞ்சணத்தின் புதிய வகை ஒன்று பற்றியிருக்கின்றது.

வித்து இவ்வாறன்று. தந்தையும் தாயும் கலந்த புதுமை அது. தாமரை அதனால்தான் இரண்டையும் வைத்திருக்கின்றது. சேற்றுத் தண்டு இவ்வாண்டுக் குளத்தை நிறைக்கின்றது. வித்து வருங்காலத்துக்காகக் காத்துக் கிடக்கின்றது. சீனத்திலே வற்றிய ஏரிப்படுகை ஒன்றில் எடுத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டுப் பழமையுள்ள தாமரை வித்து முளைத்தது என்பது விஞ்ஞானிகள் கண்ட செய்தி. தண்டு இடத்தை வெல்லும். வித்துக் காலத்தை வெல்லும். அடம்பனும் அறுகும் வித்தை முற்றாகக் கைவிட்டனவல்ல.

ஒரு மொழியும் இவ்வாறே வாழ்கின்றது என்று தோன்றுகின்றது. வீட்டுச் சொல் தலைமுறை தலைமுறையாக நாவிலிருந்து நாவுக்குக் கிடைத்தண்டு போல ஓடுகின்றது. வேர்க்கொம்பு அவ்வாறு வந்த சொல். புதிய அறிவோடு கலந்து பிறப்பது கலைச்சொல், அது வித்து. ஒன்றையொன்று பழிக்கவேண்டியதில்லை. நான் செய்த பிழை இரண்டையும் கற்காதது அன்று. சொல்லைக் கற்று, சொல் சுட்டிய பொருளைக் குனிந்து பாராதது.

அண்மையிலே ஒரு திருமணத்துக்குச் சென்றேன். மணமகள் வேறு யாருமல்லள். கடைசி வாங்கிலிருந்து கையுயர்த்திய அப்பிள்ளையே. இன்று அவளும் ஓர் ஆசிரியை. அறுகரிசியை அள்ளினேன். அள்ளிய அறுகிலே கணு இருக்கின்றதா என்று என் கண் தானாகவே தேடியது. அதைக் கண்டு அவள் நாணத்தையும் மறந்து சிரித்தாள்.

"அறுகுபோல் வேரூன்றி வாழ்க" என்று தொடங்கினேன். பின்னர் திருத்திக்கொண்டேன்.

"அறுகுபோல் கணுத்தோறும் வேரூன்றி வாழ்க."